பூ கேட்கப் போன லாரி

வேலை தேடி அலைந்த அத்தனை மாதங்களில் "முடியாது" என்று ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் ஆத்திரமே அதுதான்.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரை நான் படியேறாத லாரி ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஹெவி லைசென்ஸும் பேட்ஜும் இன்னும் செல்லும். பத்துச் சக்கர வண்டியோ டிரெய்லரோ, எதைக் கொடுத்தாலும் ஓட்டுவேன். நடுவில் சில வருஷம் ஏன் வண்டி ஓட்டவில்லை என்று கேட்பார்கள். நான் மறைப்பதில்லை. அடிதடி கேஸ், உள்ளே இருந்தேன் என்பேன். உடனே முன்னைவிட மரியாதை கூடும். "தம்பி" என்றவர் "சார்" என்பார். எழுந்து வாசல் வரை வந்து, "சொல்லியனுப்பறனுங்க" என்று வழியனுப்புவார். எவரும் சொல்லியனுப்பியதில்லை.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். அவர்கள் இங்கே வேலை கேட்டுப் பார்த்ததில்லை.

கேஸைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் மஞ்சள் குடோன் வாசலில் எந்த வண்டிக்கு முதலில் லோடு இறக்குவது என்று தகராறு. இன்னொரு டிரைவரை ஜாக்கி லிவரால் அடித்தேன். அவன் கை எலும்பு முறிந்தது. கோர்ட்டில் தண்டனை கொடுத்தார்கள், முழுசாக இருந்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை. தண்டனை முடிந்துவிட்டது என்று எனக்கும் கோர்ட்டுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அது எப்போது முடியும் என்பதுதான் என் கேள்வி.

என் மனைவி காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லின் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறாள். நான் இல்லாத வருஷங்களில் குடும்பத்தை இழுத்தது அவள்தான். அவள் தம்பி கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். அக்கா புருஷனுக்கு அங்கே தீவனம் போடுகிற வேலை தருவதாகச் சொன்னான். அவள் எனக்குக் கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுத்தாள். அதற்குள் லாரி கிடைத்தால் லாரி. இல்லையென்றால் கோழி. மச்சினன் நல்லவன்தான். ஆனால் ஷெட்டுக்குள் முகத்தைக் கட்டிக்கொண்டு கோழி எச்சத்தில் நடந்து சாகிற வரைக்கும் மச்சினன் கையைப் பார்த்து நிற்க என்னால் ஆகாது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்.

முதலில் பீளமேட்டில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனேன். கன்டெய்னர் வண்டிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. ஏசி அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் சான்றிதழ் வேண்டும் என்றாள். விண்ணப்பித்து, ஸ்டேஷனுக்கு நடையாக நடந்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் கேஸ் விவரம் இருந்தது. இருக்கும் என்று எனக்கும் தெரியும், முன்பே சொல்லியும் இருந்தேன். அவள் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு, "எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க சார். லோடு குடுக்கற கம்பெனில கேப்பாங்க. நாங்களே கூப்பிடறோங்க சார்" என்றாள். எப்போது என்றேன். "கண்டிப்பா கூப்பிடறோங்க" என்றாள். வெளியே வந்தபோது கேட்டில் நின்ற செக்யூரிட்டி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அந்தம்மா யாரையும் கூப்பிட்டதில்லை, பஸ் காசைச் செலவு பண்ணிக்கொண்டு திரும்ப வரவேண்டாம் என்றார். அந்தக் கட்டடத்திலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்களிடம் போனேன். இவர்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், ஆளைத் தெரியும். ஆளைத் தெரிந்ததுதான் வம்பு. ஈரோட்டில் ஒருவர், நான் பழைய நாளில் ஓட்டிக் கொடுத்தவர், என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். வடையும் வாங்கிக் கொடுத்தார். வடை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வேலை கொடுக்கிறவன் டீயோடு நிறுத்திவிட்டு வண்டிச் சாவியைத் தேடுவான். "உங்களை மாதிரி ஓட்டறதுக்கு ஆளே இல்லீங்க. ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். அவர் வீட்டில் யாருமே இல்லை. மனைவி இறந்துவிட்டாள், மகள் கனடாவில் இருக்கிறாள். அது எனக்கும் தெரியும் என்பதைக்கூட மறந்துவிட்டார், பாவம். வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

கடைசியில் காங்கேயத்திலேயே ஒருவர் கிடைத்தார். இரண்டு லாரி வைத்திருக்கிறார். ஒன்று வடக்கே லோடு போயிருந்தது. இன்னொன்றைப் பழைய டிரைவர் பாலத்துச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, சொல்லாமல் ஓடிவிட்டான். வண்டியைச் சரிபண்ணி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். ஓட்ட ஆளில்லை. எண்ணெய் மில்லில் லோடு காத்திருந்தது.

ஓனருக்கு அறுபது வயது இருக்கும். உரத்துப் பேசத் தெரியாதவர். நான் போனவுடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடிதடி கேஸுங்ணா. தண்டனை முடிஞ்சுருச்சு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் கெளம்பறேன். டீ எல்லாம் வேண்டாம்."

அவர் பதறிப்போனார். "அட, வேண்டாம்னு எப்படிங்க தம்பி சொல்லுவேன்? வூடு தேடி வந்திருக்கீங்க" என்றார். சரி, வேண்டும் என்று சொல்வாரா என்று பார்த்தேன். அதையும் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்த்தார். உள்ளேயிருந்து ஓனரம்மா வந்தார். நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது.

"பூ கேட்டுப் பாத்துரலாமுங்க" என்றார்.

ஓனர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. பாரம் இறங்கின மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். கிணறு வெட்ட, பெண் எடுக்க, பங்கு பிரிக்க, எதற்கும் குலதெய்வக் கோயிலில் போய்க் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டி, எது எது என்று தெரியாமல் கலந்து சாமி முன்னால் போடுவார்கள். யாராவது ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. சாமியே சொல்லிவிட்டது.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதற்கு முன்னால் இந்த மாதிரி ஆட்களின் காடு தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தச் சாமிக்கும் எனக்கும் அறிமுகமே இல்லை. என்னைப் பற்றிக் கோர்ட் ஒரு தடவை விசாரித்தது, போலீஸ் ஒரு தடவை விசாரித்தது, இப்போது இவர்கள் சாமியும் விசாரிக்கப் போகிறது. சரி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுந்தேன்.

அப்போதுதான் ஓனர் இழுத்தார். அடிபட்டுச் சரிபண்ணின வண்டி. லோடு ஏற்றுவதற்கு முன்னால் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். பூ கேட்கும்போதும் வண்டி அங்கேயே இருந்தால் நல்லது. ஆனால் கோயில் தாராபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அவருக்குக் கார்தான் ஓட்ட வரும்.

"அதனால தம்பி, நீங்களே கொஞ்சம் வண்டியக் கோயலுக்கு ஓட்டியாந்துட்டீங்கன்னா..."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன். என் கையில் வண்டியைக் கொடுக்கலாமா என்று சாமியிடம் கேட்பதற்கு, என் கையிலேயே வண்டியைக் கொடுத்து ஓட்டிவரச் சொல்கிறார். அதில் என்ன கோளாறு என்று புருஷனுக்கும் தெரியவில்லை, பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. சாவியைத் தட்டத்தில் வைத்து, குங்குமம் வைத்து, பயபக்தியோடு நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். கோபப்பட்டால் கேஸ்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். ஓனரம்மா நடுவில், ஓனர் ஜன்னலோரம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். அழுகையெல்லாம் வரவில்லை. கிளட்ச் கொஞ்சம் உயரத்தில் பிடித்தது. பிரேக்கை நல்லவிதமாகக் கட்டியிருந்தார்கள். ஊர் தாண்டியதும் கால் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்கு நல்ல பசி எடுத்தது. அவ்வளவுதான்.

ஒரு வளைவில் தனியார் பஸ்காரன் ஒருவன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்து, எதிரே டெம்போவைக் கண்டதும் என் மூக்குக்கு முன்னால் வெட்டி நுழைந்தான். பிரேக் அழுத்தி வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினேன். பஸ்ஸும் கொஞ்சம் தள்ளி நின்றது. ஓனர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நான் கதவைத் திறக்கிறேனா, சீட்டுக்குப் பின்னால் எதையாவது எடுக்கிறேனா என்று பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை நியூட்ரலில் போட்டேன்.

ஓனரம்மா புருஷன் மேல் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஏன்டா, உங்கொப்பன் ஊட்டு ரோடாடா இது? வண்டி ஓட்டறயா, எருமை மேய்க்கறயா? எறங்கி வாடா, செருப்பு பிஞ்சுபோகும்."

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஓனரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க மெதுவா போங்க கண்ணு" என்றார். நான் ஓனரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். இதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் பூ கேட்காமலே முடிவு பண்ணியிருப்பார்கள்.

கோயில் ஒரு மேட்டுக் காட்டுக்கு நடுவில் இருந்தது. வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தினேன். ஓனர் இறங்கி, தேங்காய்த் தட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க வண்டிகிட்டயே இருங்க தம்பி. புதுசா பெயின்ட் அடிச்ச வண்டி, யாராச்சும் கீறிப்போடுவாங்க" என்றார். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஆடு மேய்க்கக்கூட ஆள் இல்லை. எங்கள் ஆட்கள் அந்த வாசலுக்கு உள்ளே போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அப்பாவாக இருந்திருந்தால், "அங்கயே நில்லுடா" என்றிருப்பார். இவர் வாங்க போங்க என்று சொல்லி நிற்க வைத்தார். நின்றேன்.

ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு சத்தமே இல்லை. என் பிழைப்பை இரண்டு இலைப் பொட்டலத்தில் கட்டி உள்ளே உருட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் வெளியே பம்பருக்குக் காவல் நிற்கிறேன். யார் எடுக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. முன்னாலேயே வந்து உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மாவை எடுக்கச் சொன்னார்களாம், பிறகு தெரிந்தது.

வெளியே வந்தார்கள். பூசாரி எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தார். நான் ஏறி வண்டியை ஒரு முழம் நகர்த்தி நசுக்கினேன். இறங்கியதும் ஓனர் எனக்குப் பழமும் தேங்காய் மூடியும் கொடுத்தார். இந்த வருஷம் மழை இல்லை என்றார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரைத் தட்டினார். "நல்லாத்தான் ஓட்டுனீங்க தம்பி" என்றார்.

"என்ன பூ வந்துச்சுங்ணா?"

"பூவுங்களா... சாமி காரியம் பாருங்க. அது நம்ம கைல இல்லீங்க."

"செகப்புங்களா?"

அவர் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படித்தார். பிறகு, "வாங்க, வெயில் ஏறதுக்குள்ள ஊடு போயிரலாம்" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் ஏறினார். அதற்கு முன்னாலேயே ஓனரம்மா ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கேபினில் உட்கார்ந்துகொண்டு நான் வந்து ஓட்டுவேன் என்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் கையில் வண்டியைக் கொடுக்கக்கூடாது என்று சாமி சொல்லிக் கால் மணி நேரம் ஆகவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. பீளமேட்டுப் பெண், ஈரோட்டு வடை, அத்தனையும் சேர்ந்து வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றேன்.

"நான் ஏறலீங்ணா. வேலை இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னீங்கன்னா வண்டியப் பத்தரமா ஊட்டுல கொண்டாந்து உட்டுப்போட்டுப் போறேன். சொல்லாம ஓட்டமாட்டேன்."

"மூஞ்சிக்கு நேரா அப்படி எப்படிங்க தம்பி சொல்றது?"

"எங்கப்பன்கிட்ட உங்கப்பா சொல்லியிருப்பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி வாசலில் வாயைப் பிளந்து நின்றார். நானும் நகரவில்லை. ஓனரம்மாதான் மறுபடியும் புருஷன் மேல் சாய்ந்து தலையை வெளியே நீட்டினார். பஸ்காரனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"நான் சொல்றேன் கேளுங்க. செகப்புதான் வந்துச்சு. உங்களை வேலைக்கு வெச்சுக்க முடியாது. போதுங்களா கண்ணு?"

போதும் என்றேன். உண்மையில் போதும்தான் என்று இருந்தது. ஏறி வண்டியைக் கிளப்பினேன். மச்சினன் கோழிப் பண்ணைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்வான் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஊர் நெருங்கும்போது ஓனருக்கு ஃபோன் வந்தது. எண்ணெய் மில்காரர். கொச்சிக்குப் போகவேண்டிய பேரல்கள் கிடக்கின்றன, இன்றைக்கு ஏற்றாவிட்டால் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன், இனிமேல் உங்களுக்கு லோடே இல்லை என்று கத்தினார். ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. ஓனர், "பாக்கறனுங்க, பண்ணிப்போடலாமுங்க" என்று ஃபோனை வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

ஓனரம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"இவரை வேலைக்கு வெக்கலாமான்னுதான்."

"வேலைக்குத்தானே கேட்டீங்க. ஒரு நடை அனுப்பலாமான்னு கேக்கலயே."

ஓனர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். ஒரு ஆட்டு மந்தை முழுக்க ரோட்டைக் கடந்து முடிகிற வரைக்கும் யோசித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, வெட்கப்பட்ட மாதிரி, "இந்த ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துருங்க தம்பி" என்றார்.

போனேன். அது ஆவணி மாசம். திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன். மறுபடியும் லோடு இருந்தது. மறுபடியும் அந்த ஒரு நடை மட்டும். அப்படியே இன்று வரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாசச் சம்பளம் கிடையாது, நடைக்குக் கூலி. செக்போஸ்ட்டில் யாராவது கேட்டால் ஆக்டிங் டிரைவர், உண்மையான டிரைவர் லீவு என்று சொல்லவேண்டும். அந்த உண்மையான டிரைவர் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு இன்னொரு வண்டி டிரைவருக்கு வேட்டி சட்டை எடுத்தார்கள். எனக்கு எடுத்தால் வேலைக்கு வைத்த மாதிரி ஆகிவிடும் என்று இனிப்புப் பெட்டி மட்டும் கொடுத்தார்கள். பெரிய பெட்டி. ஓனர் அதைக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு நாள் பொறுக்காமல், திரும்பப் பூ கேளுங்கள், ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லை நிறுத்துங்கள் என்றேன். அவர் பயந்துவிட்டார். "கேக்காம இருக்கற வரைக்கும் வண்டி ஓடுதில்லீங்க தம்பி" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். இரண்டு கோழியை உரித்துக் கொண்டுவந்திருந்தான். ஷெட்டுக்கு ஆள் போடவேண்டும், உங்களுக்காக இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். தவணை முடிந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் விளக்கினேன். சிவப்புப் பூ வந்தது, அதனால் வேலை இல்லை, ஆனால் வண்டி ஓட்டுகிறேன், அதுவும் ஒரு நடைக்கு மட்டும், அப்படி நாலு மாசமாக ஓடுகிறது. அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க மாமா. வேலை கெடச்சுதா, கெடைக்கலையா?"

கிடைக்கவில்லை என்றுதான் வாயைத் திறந்தேன். நான் பொய் சொல்வதில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி, "அவர் லாரி ஓட்டறாரு. நீ வேற ஆளப் பாத்துக்க" என்றாள்.

"வேலைன்னு எவன் சொன்னான்?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "அந்தாளு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நாளைக்கே நிறுத்துனா என்ன பண்ணுவ?"

"நிறுத்துனா பாத்துக்கலாம். சாயங்காலம் லோடா, நாளைக்கா?"

"சாயங்காலம்."

மச்சினன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஷெட்டுக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிப் பைக்கை எடுத்தான். அவள் கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மத்தியானம் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஆத்திரத்தில் சரியாக இறங்கவில்லை. நாலு மணிக்கு மீதிக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.